தட்டில் கீறிய காலம் – 17: பத்து ராகம், மூன்று பெட்டி

சென்ற வாரம் சிம்லா பீட் தட்டுகளோடு நிறுத்தியிருந்தோம். சிகரெட் விற்பனைக்காக இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி நடத்திய போட்டி, அதில் தேறிய இளைஞர் குழுக்கள், 1970லும் 1971லும் வந்த எல்.பி.க்கள், அவற்றைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தூசி தட்டி எடுத்த வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் என்று பார்த்தோம். அந்தப் பையன்கள் வாசித்தது ராக். கிதார், டிரம்ஸ், ஆங்கிலப் பாட்டு. இந்த வாரம் பேசப்போகும் தட்டில் பாட்டே கிடையாது. பாடகர் இல்லை, தபேலா இல்லை, சிதார் இல்லை. ஒரே ஒரு மனிதரும் மூன்று ஜப்பான் பெட்டிகளும்தான்.

ஆம்பூரில் வளர்ந்தவனுக்கு 'டிரம்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது வாத்தியம் அல்ல. டேனரியில் தோலை ஊறப்போட்டுச் சுழற்றும் ஆள் உயரத்துக்கும் மேலான மரப் பீப்பாய்தான். உள்ளே தோலும் மருந்துத் தண்ணீரும். பீப்பாய் சுழலச் சுழல, நனைந்த தோல்கள் மேலே ஏறி, உச்சியில் பிடி விட்டு, 'தொம்' என்று கீழே விழும். அடுத்த சுற்றில் மறுபடி 'தொம்'. என் அப்பா தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். எங்கள் வீட்டுக்கும் டேனரிக்கும் நடுவே ஒரு சந்துதான். ராத்திரி ஷிப்ட் ஓடினால் அந்தத் 'தொம்' கேட்டபடிதான் தூங்குவோம். கரண்ட் போய் அது நின்றால் விழித்துக்கொள்வோம்.

நாற்பதை நெருங்கிய வயதில், ஒரு ராத்திரி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்தத் தட்டின் முதல் ராகத்தைக் கேட்டேன். மாறாத இடைவெளியில் ஓர் அடி. அதன்மேல் வழுக்கி வழுக்கிப் போகும் ஒரு கனத்த கீழ்ஸ்தாயிக் குரல். அதற்கும் மேலே பைரவ். சந்து வீட்டில் பாயில் படுத்திருப்பதுபோல் இருந்தது.

தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. வாசித்தவர் சரண்ஜித் சிங். 1982ல் பம்பாயில் எச்.எம்.வி. ஸ்டுடியோவில் இரண்டே நாளில் பதிவானது.

சரண்ஜித் சிங் 1940ல் பிறந்த பம்பாய்க்காரர். இந்தித் திரையிசையில் வாத்தியக்காரராக வாழ்ந்தவர். பேஸ் கிதார் வாசிப்பார், ஹவாயன் கிதார் வாசிப்பார், டிரான்சிகார்டு என்ற மின்னணு அக்கார்டியனை வாசிப்பார். புதிதாக எந்தப் பெட்டி வந்தாலும் அதைக் கற்றுக்கொண்டு ஸ்டுடியோவுக்குக் கொண்டுவருவார். ஆர்.டி.பர்மன் முதலான பெரிய இசையமைப்பாளர்களின் குழுக்களில் அவருக்கு இடம் உண்டு. சினிமாப் பாட்டு மெட்டுகளைக் கருவியில் வாசித்து அவரே தட்டுகளும் வெளியிட்டார். கல்யாணங்களுக்கும் விருந்துகளுக்கும் ஆர்கெஸ்ட்ரா நடத்தினார்.

ஆனாலும் அவர் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் காலத்துத் திரைப்பட எல்.பி. ஒன்றை எடுத்துப் பின்னட்டையைப் படித்துப் பாருங்கள். படம், தயாரிப்பாளர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் எல்லாம் இருக்கும். வயலின் வாசித்த முப்பது பேரும், பேஸ் வாசித்தவரும், மேண்டலின் வாசித்தவரும் இருக்க மாட்டார்கள். பம்பாய் ஸ்டுடியோ வாத்தியக்காரர்களின் வாழ்க்கையை கிரிகோரி பூத் என்ற ஆய்வாளர் நேரில் கேட்டுத் தொகுத்துப் புத்தகமாக்கியது 2008ல்தான். அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சென்னையிலும் இதே கதைதான். இளையராஜாவின் கீபோர்டு விஜி மேனுவல், டிரம்ஸ் புருஷோத்தமன், பேஸ் கிதார் சசிதரன் என்று இன்று ரசிகர்கள் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பாட்டுகள் வந்த காலத்தில், எங்கள் தெருவில் டூ-இன்-ஒன்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட எங்களில் ஒருவனுக்கும் அந்த மூன்று பெயர்களும் தெரியாது.

அது டிஸ்கோ காலம். 1980ல் 'குர்பானி' படத்தில் பிட்டு இசையமைத்து நாஜியா ஹசன் பாடிய பாட்டு இந்தியா முழுவதும் ஓடியது. 1982ல் பப்பி லஹரியின் 'டிஸ்கோ டான்சர்' வந்தது. ஸ்டுடியோவுக்குப் போனால் தினமும் டிஸ்கோ வாசிக்க வேண்டியிருந்தது. அதே டிஸ்கோ அடியை வைத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்தால் என்ன என்று தோன்றியதாகவும், தபேலாவை எடுத்துவிட்டு ராகங்களை அந்த அடியின்மேல் வாசித்துப் பார்த்ததாகவும் சரண்ஜித் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னார். அவர் கொடுத்த விளக்கம் அவ்வளவே.

ராகத்தை மேற்கத்திய அடியோடு சேர்த்த முதல் ஆள் அவர் அல்ல. 1968லேயே சங்கர்–ஜெய்கிஷன் 'ராகா ஜாஸ் ஸ்டைல்' என்ற தட்டை வெளியிட்டிருந்தார்கள். ரயீஸ் கான் அதில் சிதார் வாசித்தார். அருமையான தட்டு. ஆனால் அது ஒரு பெரிய குழு கூடி வாசித்தது. சரண்ஜித் செய்தது தனி ஆளின் வேலை.

அந்த மூன்று பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றும் ஜப்பானின் ரோலண்டு நிறுவனத்துத் தயாரிப்பு. ஜூப்பிட்டர்–8 ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரம் ஒலிக்கக்கூடிய கீபோர்டு. அன்றைக்குப் பெரிய விலை. இந்தியாவில் கிடைக்காததால் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தார். இரண்டாவது டி.ஆர்.–808. தாள அடிகளை வரிசையாகப் பதிந்து வைத்தால் நிறுத்தும்வரை அப்படியே அடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது டி.பி.–303. கதையின் திருப்பம் இந்தச் சின்ன வெள்ளிநிறப் பெட்டியில்தான் இருக்கிறது.

தனியாகப் பயிற்சி செய்யும் கிதார்காரருக்குத் துணையாக, பேஸ் வாசிக்கும் ஆளுக்குப் பதிலாகச் செய்தது அந்த 303. வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. பேஸ் கிதார்போல ஒலிக்க வேண்டும் என்பது நோக்கம். அது ஒலிக்கவில்லை. ரப்பரை இழுத்து விட்டதுபோல ஒரு சத்தம். அதில் ஸ்வரங்களைப் பதிவதும் பெரும்பாடு. முதலில் ஸ்வர வரிசையைத் தனியாகப் பதிய வேண்டும், பிறகு அவை விழும் காலத்தைத் தனியாகப் பதிய வேண்டும். வாங்கியவர்கள் வெறுத்துப்போனார்கள். சுமார் 10,000 பெட்டிகள் செய்தபிறகு 1984ல் ரோலண்டு அதை நிறுத்திவிட்டது. பழைய சாமான் கடைகளில் அடிமாட்டு விலைக்கு வந்தது.

அப்படி மலிவாகக் கிடைத்த ஒரு 303ஐ வைத்துக்கொண்டுதான் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு, அதன் குமிழ்களைத் திருகித் திருகி, 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற நடனத் தட்டை 1987ல் வெளியிட்டது. அதிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசைவகை பிறந்து, பிரிட்டன் இளைஞர்களை ராத்திரி முழுக்க ஆட வைத்தது. உலக நடன இசையின் வரலாற்றில் அது ஒரு பெரிய அத்தியாயம்.

பம்பாய்த் தட்டு அதற்கு ஐந்து ஆண்டு முந்தியது. அதே 303, அதே 808, அதே வழுக்கல், அதே நிற்காத அடி.

2002ல் எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் பழைய இந்திப்படத் தட்டுகளைத் தேடி டெல்லிக்கு வந்தார். அங்கே ஒரு கடையில் இந்த எல்.பி. கையில் கிடைத்தது. கேட்டவர் திகைத்துப்போனார். பிறகு மும்பையில் சரண்ஜித் சிங்கைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசினார். தன்னுடைய 'பாம்பே கனெக்ஷன்' நிறுவனத்தின் மூலம் 2010ல் தட்டை மறுபடி வெளியிட்டார். இசை எழுதும் பத்திரிகைகள் பரபரத்தன. இது உண்மையாக இருக்க முடியாது, ஏஃபெக்ஸ் ட்வின் போன்ற யாரோ வெள்ளைக்கார இசைக்கலைஞர் பொய்ப் பெயரில் செய்த வேலை என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். எழுபது வயது சீக்கியர் ஒருவர் மும்பையில் உயிரோடு இருக்கிறார், இதை நான்தான் வாசித்தேன் என்கிறார் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை.

பிறகு நம்பினார்கள். ஐரோப்பிய மேடைகளுக்கு அவரை அழைத்தார்கள். பேரப்பிள்ளை வயதுக் கூட்டத்துக்கு முன்னால் அதே ராகங்களை வாசித்தார். 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர்' என்று பட்டமும் சூட்டினார்கள்.

அந்தப் பட்டத்தை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டேன்.

சத்துவாச்சாரியில் இருக்கும் என் அத்தை சின்ன வயதில் வேலூரில் முறையாகப் பாட்டுப் படித்தவர். அவரிடம் இந்தத் தட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். முதல் ஐந்து நிமிடம் முகம் சுளித்தார்.

"என்னடா இது, மாவு மெஷின் ஓடற மாதிரி?"

"அடியை விட்டுடுங்க அத்தை. மேலே போறதை மட்டும் கேளுங்க."

பூபாளி வந்தது. பத்து விநாடி ஆகவில்லை. "மோகனம்" என்றார். யமன் வந்தது, "கல்யாணி." மால்கௌன்ஸ் வந்தபோது கூடவே முணுமுணுத்தார், "இந்தோளம்தானே?" கலாவதிக்கு வலஜி என்றார், பைராகிக்கு ரேவதி. மதுவந்திக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தர்மவதி சாயல் இருக்கு" என்றார். தோடி என்று அட்டையில் போட்டிருந்ததைப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். "இது தோடி இல்லடா. சுபபந்துவராளி. அவங்க ஊர்ல அதைத்தான் தோடின்னு சொல்லுவாங்க." லலித்தில் பஞ்சமமே இல்லை, இரண்டு மத்தியமமும் அடுத்தடுத்து வருகிறது என்று விரலில் எண்ணிக் காட்டினார். நம்மிடம் அதற்கு நேர் ராகம் கிடையாது என்றார்.

கடைசியில் அவர் சொன்னதுதான் முக்கியம். "கமகம் இல்லை. ஆனா ஜாரு இருக்கு. கீழே ஒண்ணு வழுக்குதே, அதுல ஜாரு இருக்கு."

அந்தக் கீழே வழுக்குவதுதான் 303. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வெட்டாமல் இழுத்துப்போக அதில் ஒரு பொத்தான் உண்டு. கிதார்காரர் கம்பியின்மேல் விரலை நகர்த்துவதைப் போலச் செய்யத்தான் அதை வைத்தார்கள். சரண்ஜித் ஹவாயன் கிதார் வாசித்துப் பழகியவர். இந்துஸ்தானியில் 'மீண்டு' என்பதை, நம்மவர் 'ஜாரு' என்பதை, அந்தப் பொத்தானில் அவர் கண்டுகொண்டார். மற்றவர்கள் குறையென்று தூக்கிப்போட்ட பெட்டியில் தனக்குத் தேவையானது இருப்பதை அவர் காது பிடித்துக்கொண்டது.

இன்னொன்றும் உண்டு. மேற்கத்திய டிஸ்கோவில் கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். வயலின்களும் ஊதுகருவிகளும் சேர்ந்து அந்த மாற்றத்தைக் கட்டிச் செல்லும். ராகத்துக்கு அது வேண்டாம். ஸட்ஜம் அசையாமல் நிற்க, அதன்மேல் ராகம் நடக்கும். தம்புராவின் வேலையே அதுதான். சரண்ஜித் டிஸ்கோவிலிருந்து கார்டு மாற்றத்தை எடுத்துவிட்டார். எஞ்சியது ஓர் அடி, ஒரு பேஸ், அசையாத ஒரு ஸட்ஜம். ஐந்து ஆண்டு கழித்து சிகாகோ பையன்களும் அதே அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வந்த வழி வேறு. கையில் காசில்லை, பெட்டி மலிவு, ஆட அடி போதும். சரண்ஜித்தின் தட்டை அவர்கள் கேட்டதில்லை. அப்படியொரு இசை பிறந்திருப்பதே சரண்ஜித்துக்கும் வெகுகாலம் தெரியாது. இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பது உண்மை. ஒன்று மற்றதன் முன்னோடி என்பது உண்மையல்ல.

அவரை சிகாகோவின் தாத்தா ஆக்கினால் அவர் செய்த வேலையின் பெயர் அழிந்துபோகிறது. அவர் செய்தது ராக இசை. தம்புராவுக்கும் தபேலாவுக்கும் பதில் இயந்திரத்தை வைத்துச் செய்த ராக இசை. மோகனம் கேட்டால் மோகனம் என்று ஒரு வேலூர்ப் பாட்டிக்குத் தெரிகிற அளவுக்குச் சுத்தமாகச் செய்தார். அந்தக் கணக்கில் வைத்துத்தான் அவரை நாம் பேச வேண்டும்.

சரி, இது ஏன் காணாமல் போனது? விற்கவில்லை, அதனால்தான். ஏன் விற்கவில்லை என்பதற்குக் கடையில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். 1980களின் தட்டுக் கடையில் சினிமா ஒரு அலமாரி, பக்தி ஒரு அலமாரி, சாஸ்திரிய சங்கீதம் ஒரு அலமாரி, கஜல் ஒரு அலமாரி. இந்தத் தட்டை எதில் வைப்பது? சாஸ்திரியக்காரர் டிஸ்கோ என்ற சொல்லைப் பார்த்ததும் தள்ளிவைப்பார். டிஸ்கோ கேட்பவர் ராகம் என்ற சொல்லைப் பார்த்ததும் தள்ளிவைப்பார். பாடகர் முகம் இல்லாத அட்டை. அதோடு, அந்த ஆண்டுகளில்தான் மலிவான கேசட்டுகள் நாடெங்கும் புகுந்து எல்.பி. தட்டைக் கடையிலிருந்தே விரட்டத் தொடங்கின. விற்காத தட்டை மறுபடி அச்சடிக்க ஒரு கம்பெனிக்கு என்ன தேவை இருக்கிறது?

ஒரு நெதர்லாந்துக்காரர் வந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்தாமல் இல்லை. இந்த உறுத்தல் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோல் ஒரு காலத்தில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் லண்டன் ஏலத்துக்குப் போகும். அங்கே மெருகேற்றி, சாயம் போட்டு, அவர்கள் பெயர் குத்திக்கொள்வார்கள். முழுதும் பதப்படாத தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை 1970களில் அரசு கட்டுப்படுத்திய பிறகுதான் இங்கே ஷூ கம்பெனிகள் பெருகின. இன்றும் ஆம்பூரில் தைத்த ஷூவின் உள்ளங்காலில் வெளியூர்ப் பெயர்தான் இருக்கிறது. தைத்த பெண்ணின் பெயர் எதிலும் இல்லை. சரண்ஜித் வாசித்த நூற்றுக்கணக்கான சினிமாப் பாட்டுகளும் அப்படித்தான்.

பௌமனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் தட்டை எடுத்துப்போய்த் தன் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. வாசித்தவரைத் தேடி வந்தார், முன் அட்டையில் அவர் பெயரையே போட்டார், உயிரோடு இருக்கும்போதே கைதட்டலைக் கேட்கவைத்தார். பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனமும் 1977 முதல் 1983 வரையிலான இளையராஜாவின் மின்னணு ஒலிப் பாட்டுகளைத் தேர்ந்து 'சொல்ல சொல்ல' என்று தொகுத்து வெளியிட்டது. இந்த வேலைகளைச் செய்திருக்க வேண்டியவர்கள் நாம்.

சரண்ஜித் சிங் 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். தட்டு மறுபடி வெளிவந்த பிறகு அவருக்குக் கிடைத்தது ஐந்து ஆண்டு.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களிடம் ஒரு கேள்வி. டேனரிக்காரர் வீடுகளிலும், வளைகுடாவுக்குப் போய் வந்தவர் வீடுகளிலும், பழைய சவுண்ட் சர்வீஸ் கடைகளிலும் பரணில் இன்னும் தட்டுகள் கிடக்கின்றன. என் வீட்டுத் தட்டுகளை ஒருமுறை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அதில் என்னென்ன இருந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் இருந்தால் படுக்கவைத்து அடுக்காதீர்கள், வளைந்துவிடும். நிமிர்த்தி வையுங்கள். வெயில் படாத இடமாகப் பாருங்கள். நடுவில் ஒட்டிய தாளில் உள்ள எண்ணையும், தட்டின் உள்விளிம்பில் கீறியிருக்கும் எழுத்துகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பின்னட்டையில் பேஸ், வயலின், ஆர்கன் என்று வாசித்த யாருடைய பெயராவது இருந்தால் அதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதை இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள்.

அடுத்த வாரம்: கனடாவின் கால்கரியில் வங்காளப் பெண் ரூபா பாடி, ஆஷிஷ் கான் சரோத் வாசித்து, 1982ல் வெளிவந்து, 2019வரை காத்திருந்த 'டிஸ்கோ ஜாஸ்'.